மஞ்சக்குப்பம் குடும்பக் குழு: நிலாவின் பேச்சுப் பயிற்சி

சரசு அத்தை: கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு, அதே கைப்பேசியில் நிலாவுக்குப் பேச்சுப் பயிற்சி என்றால் எனக்கு விளங்கவில்லை, கவிதா. நம் குமாரும் மூன்று வயதுக்கு மேல்தான் வாய் திறந்தான்.

கவிதா: அத்தை, இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும், இரண்டரை வயதாகியும் நிலா கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவதோடு சரி. அதனால்தான் முதலில் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்ச் செவித்திறனைப் பரிசோதித்து, காதில் குறையில்லை என்று தெரிந்த பிறகே இதைத் தொடங்கினோம்.

முருகேசன் மாமா: நல்லது செய்தாய். காது கேட்காத பிள்ளையைப் பேசு பேசு என்று வதைக்கிற வீடுகளை ஆசிரியர் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதே, அது இதற்குப் பொருந்தாதா?

கவிதா: அவள் திரையைப் பார்ப்பதே அபூர்வம், மாமா. கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் தரையில் விளையாடுகிறோம். அதைக் காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டே பேச்சுப் பயிற்சியாளர் என் இயர்போனில் வழி சொல்கிறார். பயிற்சி எனக்குத்தான். நேற்று பிஸ்கட் டப்பாவைத் திறக்காமல் அவளிடம் கொடுக்கச் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்ததும் ‘திறக்கணுமா?’ என்று கேட்க வாயெடுத்தேன்; “பேசாதீர்கள், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்” என்றார். எண்ணி முடிப்பதற்குள் ‘தெ’ என்றாள். ‘திற, டப்பா திற’ என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லித் திறந்துகொடுத்தேன். ‘ஒழுங்காகச் சொல்’ என்று திருத்தக் கூடாதாம்.

லாஸ்பேட்டை சித்தி: எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. பேச்சோடு மென்று விழுங்குவதிலும் சிரமம் இருந்தால் நேரில் காட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் தெருவில் நெட்வொர்க் விட்டு விட்டு வருவதால் பாதிப் பயிற்சி ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்பதிலேயே போய்விடும்.

முருகேசன் மாமா: இன்னொன்று. விளம்பரம் செய்கிறவர்கள் எல்லோரும் இதற்கென்று படித்தவர்கள் அல்லர். பேச்சுப் பயிற்சியாளர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. மைசூரில் ஒன்றிய அரசின் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் தொலைவிலிருந்தே பயிற்சி தருகிறது.

கவிதா: பதிவு எண்ணை முதல் நாளே வாங்கிவிட்டேன், மாமா.

சரசு அத்தை: பக்கத்து வீட்டில் தெலுங்கு, நம் வீட்டில் தமிழ், அதில் பிள்ளை குழம்பியிருக்குமோ?

கவிதா: இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை என்று பயிற்சியாளரே சொன்னார், அத்தை. நீங்கள் காக்கைக்குச் சோறு வைக்கும்போது அவளையும் கூட்டிப் போய், ‘காக்கா வா’ என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சற்றுக் காத்திருங்கள்.

சரசு அத்தை: அதற்கென்ன, செய்கிறேன். அடுத்த வகுப்பு எப்போது?

கவிதா: நாளை மாலை 6 மணிக்கு. அந்த நேரம் மட்டும் சீரியலை நிறுத்திவையுங்கள், அத்தை. அவர் சொல்வது எனக்குக் காதில் விழுவதில்லை.