பேருந்தின் முன்சக்கரங்களுக்கு பேலன்சிங் தேவைதானா?

கேள்வி: துவாஸ்வாசி

வணக்கம். 45 இருக்கைகள் கொண்ட சுற்றுலாப் பேருந்து ஒன்றை நடத்தி வருகிறேன். வார நாள்களில் அது ஊழியர்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குள் ஓடும். வார இறுதியில் ஈப்போ, பினாங்கு என்று போகும். முன்பக்கம் 295/80 ஆர் 22.5 அளவில் புது டயர்கள் போட்ட பிறகு, இங்குள்ள விரைவுச்சாலைகளில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் துவாஸ் சோதனைச்சாவடியைக் கடந்து, மலேசிய நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டியதும் ஸ்டீரிங் நடுங்கத் தொடங்குகிறது. டயர் மாற்றிய பட்டறையிலோ, பேருந்துக்கு யாரும் பேலன்சிங் (சக்கரத்தின் கனம் சுற்றிலும் சமமாக இருக்கும்படி சிறு எடைகளை ஒட்டுவது) செய்வதில்லை, ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: பழைய மெக்கானிக்

நம்ப வேண்டாம் ஐயா. சிங்கப்பூரில் பேருந்துகளுக்கு விரைவுச்சாலையிலும் 60 கிலோமீட்டர்தான் உச்சவேகம் என்பதால், இங்கே மட்டும் ஓடும் வண்டிகளில் அந்தப் பேச்சு செல்லுபடியாகிறது. அக்கரையில் 90 வரை போகும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். சக்கரத்தின் ஒருபக்கக் கனத்தால் எழும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ரிம் விளிம்பில் 200 கிராம் கூடுதலாக இருந்தால் 60இல் அது ஏறக்குறைய 6 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். 90இல் 14 கிலோ, அதுவும் நொடிக்கு ஏழெட்டு முறை. ஓட ஓடச் சரியாகாது. டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்து, அதிர்வு இன்னும் கூடும்.

பதில்: காக்கி புக்கிட்

மேலே சொன்னது சரி, ஆனால் எடை ஒட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டயரின் பக்கச்சுவரில், ரிம் விளிம்பை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தும் எதிர்ப்புறம் தள்ளியும் நின்றால், டயர் ரிம்மில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. காற்றை முழுதும் இறக்கி, விளிம்பில் டயர் வழுக்கி உட்காருவதற்கான மசகு தடவி, மீண்டும் காற்றடிக்க வேண்டும். அதேபோல் சக்கரத்தைக் கழற்றும்போது, ஹப்பில் (அச்சின் முனையில் சக்கரத்தை மாட்டும் பகுதி) ரிம் பொருந்தும் வளையத்தில் ஏறியிருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிடச் சொல்லுங்கள். வட்டமாகச் சுழலாத சக்கரத்தில் எவ்வளவு எடை ஒட்டினாலும் அது குதிக்கத்தான் செய்யும்.

இந்தச் சக்கரம் டயரோடு 100 கிலோவை ஒட்டி வரும் என்பதால், கார்களுக்கான இயந்திரம் தாங்காது. கனரக வாகன பேலன்சர் உள்ள இடமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பதில்: கரையோரம்

டயருக்குள் போடும் பேலன்சிங் மணிகள் போதுமே? சக்கரம் சுழலும்போது அவை தாமே இடம் பிடித்துக்கொள்கின்றன. எடை கழன்று விழும் கவலையும் இல்லை.

பதில்: காக்கி புக்கிட்

சிலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் நம் ஊர் ஈரப்பதத்தில், கம்ப்ரஸரின் தண்ணீரை வடிக்காமல் காற்றடித்தால் மணிகள் உள்ளே கட்டி தட்டிவிடும். வால்வு அடைபடாமலிருக்க வடிகட்டி வைத்த வால்வு ஊசியும் தேவை. ஸ்டீரிங் நடுங்கும் வண்டிக்கு நான் இயந்திரத்தையே சொல்வேன்.

துவாஸ்வாசி

நன்றி. பின்பக்க இரட்டைச் சக்கரங்களையும் சேர்த்துச் செய்ய வேண்டுமா?

பதில்: பழைய மெக்கானிக்

நடுக்கம் ஸ்டீரிங்கில் தெரிந்தால் முன்பக்கத்தை மட்டும் முதலில் முடியுங்கள். இருக்கையிலும் தரையிலும் உணர்ந்தால்தான் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும்: சக்கரத்தை மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். வார நாள் ஓட்டத்திலேயே அந்தத் தூரம் வந்துவிடும், எல்லை தாண்டும் வரை தள்ளிப்போடாதீர்கள்.