மகசேசேயோட நேர்மை அப்பாகிட்ட இருந்து வந்ததா, பஸ் ஷெட்ல இருந்து வந்ததா?

தேனிக்காரன்:
மகசேசே விருதுன்னா நம்ம எல்லாருக்கும் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதனுக்கு 1971ல கிடைச்சது, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு 1974ல, சேஷனுக்கு 1996ல, அடையார் டாக்டர் சாந்தாவுக்கு 2005ல. ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு கேட்டா நம்மள்ல பாதிப் பேரு முழிப்போம், நானும் போன மாசம் வரைக்கும் அப்படித்தான். ரமோன் மகசேசே, பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி, 1957 மார்ச் 17ல செபு தீவுல மனுங்கல் மலைல விமானம் மோதி 49 வயசுல செத்துப் போனவர். அந்த விமானத்துல இருந்த 26 பேர்ல ஒரே ஒரு பத்திரிகைக்காரர்தான் பிழைச்சார்.

நான் பேச வந்தது அவரோட சாவைப் பத்தி இல்ல, அவங்க அப்பாவைப் பத்தி. எக்ஸிகியேல் மகசேசே, சாம்பலேஸ் மாகாணம் இபா ஊர்ல குடியிருந்தவர், கொல்லர். பள்ளிக்கூடத்துல மரவேலை வாத்தியாராவும் இருந்தார். பள்ளிக் கண்காணிப்பாளரோட மகன் மரவேலைல தேறல, இவரு பாஸ் போட மாட்டேன்னுட்டார், வேலை போயிடுச்சு. குடும்பத்தோட காஸ்டிலெஹோஸ்ங்கிற ஊருக்கு மாறிப் போயி அங்க ஒரு பட்டறை போட்டு இரும்பு வேலையும் தச்சு வேலையும் பார்த்துப் பொழைச்சாங்க. எட்டுப் பிள்ளைங்க, ரமோன் ரெண்டாவது. இவ்வளவு சின்ன வயசுலயே வீட்டுக்குள்ள இப்படி ஒண்ணைப் பார்த்த பையன் பின்னாடி நேர்மையான ஆளா வந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல. அப்பா அன்னைக்கு அந்த மார்க்கைப் போட்டிருந்தா இந்த ரமோன் நமக்குக் கிடைச்சிருக்க மாட்டார்னே நான் நம்புறேன்.

நேர்ப்பார்வை:
சகோ, இது தேர்தலுக்காக ஊதிப் பெருக்குன கட்டுக்கதை. ஏழைக் கொல்லன் மகன்ங்கிறது 1953 பிரச்சாரத்துல ஒட்டுன லேபிள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. அப்பா வாத்தியார் வேலை பார்த்தவர், அப்புறம் சொந்தமா பட்டறை வெச்சிருக்கார். அம்மா பெர்ஃபெக்டா டெல் ஃபியெரோ, அவங்களும் வாத்தியார். பையனை ஹைஸ்கூல் முடிக்க வெச்சு 1927ல மணிலாவுல பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு இன்ஜினியரிங் படிக்க அனுப்புறாங்க. அந்தக் காலத்துல மணிலா இருக்கிற லூசோன் தீவோட நடுப்பகுதில விளைச்சல்ல பாதியை நிலக்காரனுக்கு அளந்து குடுத்துட்டு மீதில விதைநெல் கடனையும் கட்டிட்டு வெறுங்கையோட நின்ன குத்தகை விவசாயி வீட்ல இருந்து எத்தனை பேரு அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிச்சிருப்பான்? ஏழைன்னா அவன்தான் ஏழை. இது சாம்பலேஸ்ல ஓரளவு வசதியான நடுத்தரக் குடும்பம்.

இன்னொண்ணு, 1950ல எட்வர்ட் லான்ஸ்டேல்னு அமெரிக்க உளவுத்துறை ஆளு மணிலாவுக்கு வர்றான். அப்ப பாதுகாப்பு அமைச்சரா இருந்த மகசேசேவும் அவனும் ஒரே வீட்ல தங்குனாங்க. மூணு வருஷத்துல இவரு ஜனாதிபதி. மாம்போங்கிற டான்ஸ் மெட்டுல தேர்தல் பாட்டு, 'மகசேசே நம்மாளு'ன்னு கோஷம், வெளிநாட்டுப் பத்திரிகைல எல்லாம் படம். இந்த அப்பா கதையும் அந்தப் பொட்டலத்துக்குள்ள வந்த சரக்குதான்.

தேனிக்காரன்:
லான்ஸ்டேல் இருந்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா மகசேசே பஸ் கம்பெனில மெக்கானிக்கா வேலை பார்த்ததும் போர்ல காட்டுக்குள்ள இருந்து ஜப்பான்காரனோட சண்டை போட்டதும் லான்ஸ்டேல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. 1946லயே சாம்பலேஸ் ஜனங்க அவரை எம்.பி.யா ஜெயிக்க வெச்சுட்டாங்க, சொந்த ஊர்க்காரனுக்கு எந்த அமெரிக்கன் வந்து அவரை அறிமுகப்படுத்தணும்? படிக்கப் போனாருன்னு சொன்னீங்க, படிக்கிற காலத்துல கார் டிரைவர் வேலை பார்த்துத்தான் செலவைச் சமாளிச்சார்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. உடம்பு முடியாமப் போயி இன்ஜினியரிங்க விட்டுட்டு ஹோசே ரிசால் காலேஜ்ல காமர்ஸ் முடிச்சார். வசதியான வீட்டுப் பையன் அடுத்தவன் காரை ஓட்டிக்கிட்டா படிப்பான்?

கப்பல்காரன்:
அண்ணே ரெண்டு பேரும் அப்பாவையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, நான் வேற இடத்துல இருந்து வர்றேன். பதினோரு வருஷமா கப்பல்ல இன்ஜின் ரூம் வேலை, பிலிப்பைன்ஸ் ஆளுங்க இல்லாத கப்பல் நான் ஏறுனதே இல்ல. போன கான்ட்ராக்ட்ல எங்க ஃபிட்டர் சாம்பலேஸ்காரர், சுபிக் பக்கம். காஸ்டிலெஹோஸ் அவரு ஊருக்குப் பக்கத்து ஊரு. என்னை 'பாரே பாரே'ன்னுதான் கூப்பிடுவார், நம்ம 'மச்சி' மாதிரி. ஊர்ப் பேச்சு எடுத்தா முதல்ல சாம்பலேஸ் மாம்பழம், ரெண்டாவது மகசேசே. அவரு ஒரு நாளும் மகசேசேவை ஏழைன்னு சொன்னதில்ல, நேர்மையானவர்னுகூட முதல்ல சொல்ல மாட்டார். "வண்டிக்கு அடில படுத்து வேலை பார்த்த மனுஷன் அவரு"ன்னு சொல்லுவார். அதை அவரு சொல்லும்போது கை தானா மேல போகும், கீழ படுத்துக்கிட்டு போல்ட்டு முடுக்குற மாதிரி.

எனக்கு அது சட்டுன்னு புரிஞ்சது, ஏன்னா எங்க தொழில்ல அதுதான் விஷயம். ஒரு தடவை ஸ்டோர்ல பேரிங் ரெண்டு புதுசுன்னு கணக்குல இருக்கு, எடுத்துப் பார்த்தா பழசைக் கழுவி கிரீஸ் தடவிப் புதுக் கவர்ல போட்டு வெச்சிருக்கான். கணக்கு மட்டும் பார்க்குற ஆபீசர் அதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவான். எங்க ஃபிட்டர் அதைக் கையில எடுத்து காதுகிட்ட வெச்சு ஒரு சுத்து சுத்துனார், கீழ வெச்சுட்டார், அவ்வளவுதான், வார்த்தையே பேசல. மகசேசே டிரை டிரான்ங்கிற பஸ் கம்பெனில மெக்கானிக்கா சேர்ந்து ஷெட்டுக்குப் பொறுப்பாளரா ஆகி அப்புறம் கிளை மேனேஜர் வரைக்கும் வந்தவர். டயர் எங்க போகுது, எண்ணெய் எங்க ஒழுகுது, எவன் ஸ்பேர் பார்ட்ஸை வெளிய தள்ளுறான்னு அந்த வேலைல இருந்தவனுக்குத் தெரியாம இருக்குமா? போர் வந்ததும் ராணுவத்துல 31வது டிவிஷன் மோட்டார் பிரிவுல சேர்ந்ததும் இந்தத் தொழிலாலதான். 1950ல பாதுகாப்பு அமைச்சர் ஆனதும் சொல்லாமக் கொள்ளாம முகாமுக்குள்ள போயி நிப்பார், சிப்பாய்க்குப் போக வேண்டிய சாப்பாடும் சாமானும் போயிருக்கான்னு பார்ப்பார், தப்புன்னா அந்த இடத்துலயே ஆபீசரைத் தூக்கிடுவார். வீட்ல நல்ல புத்தி சொல்லி வளர்த்தா மட்டும் இது வராதுண்ணே, பொய்யைக் கையில தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியணும். அதை ஷெட்தான் கத்துக் குடுத்துச்சு.

மீரா டீச்சர்:
தம்பிங்களா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. முதல் பதிவைப் படிச்சதும் மனசு என்னமோ ஆயிடுச்சு. எனக்கே இது நடந்திருக்கு. ஊர்ல செல்வாக்கான ஒருத்தர் வீட்டுப் பையன் கணக்குல தேறல, மார்க் போடச் சொல்லி ஆள் வந்துச்சு, நான் போடல. வேலை போகல, ஆனா ஜூன் மாசம் மாற்றல் வந்துடுச்சு, ரெண்டு பஸ் மாறிப் போற ஊருக்கு. என் மகன் அப்ப நாலாவது. இன்னைக்கு அவனுக்கு நாப்பது வயசு ஆகப் போகுது, அந்தப் பையன் யாரு, மார்க் என்ன, எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் ஞாபகத்துல இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த ரெண்டு வருஷமும் விடியறதுக்குள்ள அம்மா கிளம்பிடுவா, தலை வாரி விட ஆள் இருக்காது, டிபன் பாக்ஸை அவனே மூடி எடுத்துட்டுப் போகணும், மூடி சரியா மூடலைன்னா சாம்பார் பையெல்லாம் கொட்டிடும்.

நேர்ப்பார்வை தம்பி, அதனாலதான் சொல்றேன், அந்தச் சின்னப் பையன் ரமோனுக்கு நேர்மைன்னா என்னன்னு புரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. இபாவுல இருந்த வீடு போச்சு, அப்பா காலைல சட்டை மாட்டிட்டு ஸ்கூலுக்குப் போறது நின்னு போச்சு, வேற ஊர்ல உலைக்கு முன்னாடி நிக்கிறார். இது போதும். ஏன்னு கேள்வி பின்னாடி வரும், அப்ப வீட்ல யாராவது பதில் சொல்லுவாங்க.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துது. நீங்க மூணு பேரும் அம்மாவைப் பத்தி ஒரு வரிக்கு மேல எழுதல. பெர்ஃபெக்டா அம்மாவும் ஆசிரியை. புருஷன் வேலை போன அன்னைக்கு, "ஒரு மார்க்குதானே, போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல"ன்னு அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கதை அந்த வீட்ல வேற மாதிரிதான் பேசப்பட்டிருக்கும், பிள்ளைங்க அப்பாவைப் பிழைக்கத் தெரியாதவர்னு நினைச்சு வளர்ந்திருப்பாங்க. எங்க வீட்ல என் மாமியார் அப்படித்தான் சொன்னாங்க, என் வீட்டுக்காரர் சொல்லல. அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும்.

நேர்ப்பார்வை:
மேடம், நீங்க சொன்ன அந்த டிபன் பாக்ஸ் விஷயத்தை ரெண்டு தடவை படிச்சேன். சரி, அப்பா வேலை போன கதையைக் கட்டுக்கதைன்னு நான் எழுதுனது தப்பு, பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துனாங்கங்கிறதுக்காக அது நடக்கலன்னு ஆயிடாது. ஏழைங்கிற லேபிளை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல.

ஆனா குடும்பம்னு பேசுறீங்கல்ல, முழுக் குடும்பத்தையும் பேசுவோம். இவரு இறந்தது 1957 மார்ச்ல, அதே வருஷத் தேர்தல்ல தம்பி ஹெனாரோ சாம்பலேஸ்ல நின்னு எம்.பி., 1959ல செனட்டர், 1969ல துணை ஜனாதிபதி பதவிக்கு நின்னு தோத்தார். மகன் ரமோன் ஜூனியர் 1995ல இருந்து 2007 வரைக்கும் செனட்டர். அதே உலைக்களம், அதே அம்மா அப்பா, அதுல இருந்து ஒரு அரசியல் வம்சமும் வந்திருக்கே? நிலச் சீர்திருத்தம்னு 1955ல சட்டம் கொண்டு வந்தார், நிலக்காரங்க நிறைஞ்ச காங்கிரஸ், அதாவது அவங்க நாட்டு நாடாளுமன்றம், அதை நோண்டி நோண்டி கடைசியில ஒரு தனி ஆளுகிட்ட தொடர்ச்சியா 300 ஹெக்டேருக்கு மேல நெல் வயல் இருந்தாத்தான் கை வைக்க முடியும்னு ஆக்கிட்டாங்க. 300 ஹெக்டேர்னா 741 ஏக்கர்ங்க! குத்தகை விவசாயிக்கு என்ன மிஞ்சுச்சு? அப்பாகிட்ட கத்துக்கிட்டவர் அங்க ஏன் முடியாதுன்னு நிக்கல?

தேனிக்காரன்:
நியாயமான கேள்வி, எனக்கும் அந்த இடம் வலிக்குது. என்கிட்ட முழுசா பதில் இல்ல. எக்ஸிகியேல் கையில ஒரு மார்க் இருந்துச்சு, போடமாட்டேன்னா போடமாட்டேன், அதோட முடிஞ்சது. மகன் கையில இருந்தது காங்கிரஸ், ஒரு ஆளு முடியாதுன்னா சட்டமே வராது, வந்த வரைக்கும் போதும்னு கையெழுத்துப் போட்டார். அது தப்பாவே இருக்கலாம்.

தம்பியும் மகனும் அரசியல்ல மேல வந்ததை இவரு தலைல கட்டாதீங்க, அவரு இறந்த பிறகு நடந்தது அது. இவரு இருந்தப்ப செஞ்சதைப் பாருங்க. பாதுகாப்பு அமைச்சரா இருந்தப்பவே சில சென்டாவோ காசுக்கு எந்த விவசாயியும் அவருக்கு நேரா தந்தி அடிக்கலாம்னு ஏற்பாடு பண்ணார். ஜனாதிபதி ஆனதும் மலகன்யாங் மாளிகைக் கதவைத் திறந்து விட்டுட்டார், செருப்பில்லாத ஜனங்க உள்ள வந்து போனாங்க. புகார் வாங்கறதுக்குன்னே தனிக் குழு, அதுக்கு மனுவேல் மனஹான்னு ஒரு பழைய கெரில்லா வீரரைத் தலைவரா போட்டார். யாராவது திட்டம் கொண்டு வந்தா, "இதை பிளாசா மிராண்டாவுல நின்னு ஜனங்க முன்னாடி நியாயப்படுத்த முடியுமா?"ன்னு கேப்பார்னு சொல்லுவாங்க. பிளாசா மிராண்டா மணிலாவுல கியாப்போ சர்ச் முன்னாடி இருக்கிற சதுக்கம், பொதுக்கூட்டம் நடக்கிற இடம்.

கப்பல்காரன்:
தந்தி விஷயம் எங்க ஃபிட்டரும் சொன்னார், அவரு தாத்தா காலத்துல ஊர்ல எவனாவது அதிகாரி கை நீட்டினா "மோன்சிங்குக்குத் தந்தி அடிச்சுடுவேன்"னு மிரட்டுவாங்களாம். மோன்சிங்ங்கிறது மகசேசேயோட செல்லப் பேரு. ஜனாதிபதியை வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு இருந்திருக்கு.

டீச்சரம்மா, அம்மாவைப் பத்தி நீங்க சொன்னதுக்கு அப்புறம் ஷெட் மட்டும்தான்னு நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கிறேன். தொழில் தெரிஞ்சவன் எல்லாரும் திருட்டைக் கண்டுபிடிப்பான், கண்டுபிடிச்சுட்டுப் பங்கு கேக்குறவனும் எங்க லைன்ல உண்டு. ஃபிட்டர் அந்த பேரிங்கைக் கீழ வெச்சாரே, அந்த வெச்ச கை எங்க இருந்து வந்துச்சுன்னு நான் யோசிக்கவே இல்ல.

மீரா டீச்சர்:
அவரு வீட்டைப் பத்திக் கேட்டுப் பாருங்க தம்பி, அடுத்த தடவை பார்த்தா.

நேர்ப்பார்வை:
மேல 'கட்டுக்கதை'ன்னு எழுதுன வரியை வாபஸ் வாங்குறேன், அழிக்க மாட்டேன், நான் எழுதுனது தெரியட்டும். லான்ஸ்டேல் பத்தியும் 300 ஹெக்டேர் பத்தியும் எழுதுனது அப்படியே நிக்குது.