டிரெய்லரில் சோலார், பேட்டரி மானிட்டர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நெடுவழி

நடந்து நாளாகிவிட்டது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர். அதில் ஷன்ட் (தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தை அளக்கும் துண்டு) வைத்த மானிட்டர், கூரையில் பேனல், இரண்டு ஏ.ஜி.எம். (ஈய அமில வகை) பேட்டரி. எல்லாம் ஒரு பட்டறையில் காசு கொடுத்துச் செய்த வேலை. குளிர்ந்த இரவு, ஹீட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஃபேன் சத்தம் இறங்கியது, விளக்கு மங்கியது. மானிட்டரைப் பார்த்தால் 100%. அதற்குக் கீழேயே 11.3 வோல்ட். பக்கத்தில் மின்னோட்டம் 0.0 ஆம்பியர். ஃபேன் என் காதுக்கருகில் ஓடுகிறது, திரையோ எதுவும் ஓடவில்லை என்கிறது!

விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். டிரெய்லரின் அடிச்சட்டத்திலிருந்து வரும் கறுப்பு வயரை நேரே பேட்டரியின் நெகட்டிவில் முறுக்கி வைத்திருந்தார்கள். ஷன்ட் தன் வழியாகப் போவதை மட்டும்தான் எண்ணும். சோலார் வயர் ஷன்ட் வழியாக வந்தது, செலவெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. வரவை மட்டும் எழுதிய கணக்கு. அந்த வயரை ஷன்டின் லோடு பக்கம் மாற்றினேன். ஃபேன் போட்டதும் மைனஸ் 7 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பேட்டரி நெகட்டிவில் ஷன்டுக்குப் போகும் ஒரே ஒரு கேபிள் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பட்டறையில் ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதுதான் இன்னும் ஆறவில்லை.

பழையசக்கரம்

இதனால்தான் நான் வோல்ட்மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.1 என்றால் ஏறக்குறைய பாதி. இதற்கு ஷன்ட் எதற்கு? ஒரு முகாமில் பக்கத்து டிரெய்லர்க்காரர் நடு இரவில் கதவைத் தட்டினார். அவருடைய மானிட்டரில் 70%, உள்ளே கும்மிருட்டு. என் டார்ச்சைக் கொடுத்தேன். அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

மலைக்காற்று

பழையசக்கரம் ஐயா, ஈய அமில பேட்டரிக்கு நீங்கள் சொல்வது சரி. அதுவும் லோடு, சார்ஜ் இரண்டையும் நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அது நடக்காது. 80% இருந்தாலும் 40% இருந்தாலும் 13.2, 13.3 என்று ஒரே இடத்தில் நிற்கும்.

எனக்கு நடந்தது வேறு. அம்மாவுக்கு இரவில் மூச்சு மெஷின் வேண்டும். ஒரு நாள் காலை நல்ல வெயில், பேனல் முழுக்க வெளிச்சம், பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரில் 0 வாட். பேட்டரி முன்பக்க வெளிப்பெட்டியில் இருந்தது. இரவில் உறைநிலைக்குக் கீழே போயிருக்கிறது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெடும் என்று பி.எம்.எஸ். (லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று) சார்ஜை மட்டும் அடைத்துவிட்டது. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஏம்பா, இன்னைக்கு ராத்திரி மெஷின் ஓடுமா?" என்று கேட்டார்கள்.

மானிட்டரில் 38%. 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது 76. காற்றை ஈரமாக்கும் சூட்டை நிறுத்திவிட்டால் அந்த மெஷின் எவ்வளவு குறைவாக எடுக்கும் என்பதை முந்தைய இரவுகளில் அதே மானிட்டரில் பார்த்து வைத்திருந்தேன். அதனால் "ஓடும்மா, கவலைப்படாதீங்க" என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. வெறும் வோல்ட்மீட்டரைப் பார்த்து என்ன சொல்லியிருப்பேன்? மதியம் பெட்டி சூடானதும் சார்ஜ் தானாக ஏற ஆரம்பித்தது. பேட்டரி இப்போது கட்டிலுக்கு அடியில், உள்ளே இருக்கிறது.

கூரைவெயில்

எனக்கு நிழல்தான் பாடம். ஏ.சி. பெட்டியின் நிழல் ஒரு பேனலின் குறுகிய ஓரத்தில், ஒரு வரிசை செல் மறையும் அளவுக்குத்தான் விழுந்தது. நிழல் இருந்தவரை அந்தப் பேனல் கிட்டத்தட்ட செத்தே போனது.

அப்புறம், புதிதாக வயரிங் செய்கிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாசிட்டிவில் ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். லித்தியத்தில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், சாதாரண ஃபியூஸ் அதை வெட்ட முடியாமல் போகலாம்; 'கிளாஸ் டி' (Class T) ஃபியூஸ் போடுங்கள். கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரியை இணைத்து, அதன் பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

பேனல்களை வரிசையாக இணைக்கிறவர்கள் குளிரைக் கணக்கில் சேருங்கள். லேபிளில் இருக்கும் திறந்த சுற்று வோல்ட் 25 டிகிரிக்கு உரியது. குளிரக் குளிர அது கூடும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.3%. 22.5 வோல்ட் பேனல் நான்கை வரிசையாகப் போட்டால் 90. மைனஸ் 10 டிகிரியில் அது 99-ஐத் தாண்டும். உங்கள் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலரின் உச்சவரம்பு 100 வோல்ட் என்றால், இன்னும் கொஞ்சம் குளிர்ந்த ஒரு காலையில் அது எரிந்துபோகலாம். இரண்டு இரண்டாக வரிசையில் போட்டு, அந்த இரண்டு ஜோடியையும் இணையாகச் சேர்த்தால் 45-தான், பயமே இல்லை. இழுக்கும் வண்டியிலிருந்து வரும் ஏழு முனை இணைப்பையும் நம்பியிருக்காதீர்கள். அந்த மெல்லிய வயரில் வோல்ட் விழுந்து, பெரிய பேட்டரிக்குப் பெயரளவுக்குத்தான் ஏறும். வண்டியின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றும் டி.சி.-டி.சி. சார்ஜரும் அதற்கேற்ற தடித்த கேபிளும் தனியாக வேண்டும்.

தாழைமடல்

கூரைவெயில் அண்ணா, குளிர்க் கணக்கு நல்ல விஷயம், எழுதி வைத்துக்கொண்டேன். என் கதை நிறுத்தி வைத்த டிரெய்லரில் நடந்தது. எல்லாவற்றையும் அணைத்து, மெயின் சுவிட்சையும் அணைத்தாயிற்று. அப்படியும் மானிட்டர் மைனஸ் 0.4 ஆம்பியர் காட்டியது. சிறிய எண்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஐந்து நாளில் பாதியாகும்.

எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. அதையும் ரேடியோவின் நினைவு வயரையும் இன்னும் ஒன்றிரண்டையும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே இணைத்திருக்கிறார்கள்.

கணவர் உடனே "அந்தக் கருவியைக் கழற்றிடலாம்" என்றார். நான் விடவில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், அதனால்தான் அது அங்கே இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதில் கைவைக்காதீர்கள். ரேடியோ வயரை எடுத்தோம். மீதிச் செலவை வெயிலில் நிற்கும் ஒரு 100 வாட் பேனலே ஈடு செய்துவிடுகிறது.

பழையசக்கரம்

மலைக்காற்று, அம்மாவுக்கு என்றால் நான் வாதாட மாட்டேன். ஆனால் எண்ணிக்கொண்டே போகும் எந்தக் கருவியும் நாளாக ஆக விலகும். பக்கத்து டிரெய்லர்க்காரரின் 70% அப்படி வந்ததுதான். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நெடுவழி

விலகும், உண்மை. அதனால்தான் பேட்டரி நிறையும்போதெல்லாம் அது தன்னை 100%-க்குத் திருத்திக்கொள்கிறது. பல மாடல்களில் அதற்கு மூன்று நிபந்தனை: குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்ட வேண்டும், உள்ளே போகும் மின்னோட்டம் வால் அளவுக்கு (பேட்டரி நிறையும் தறுவாயில் மிஞ்சும் சிறிய அளவுக்கு) குறைய வேண்டும், சில நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். பேட்டரி நிறையவே இல்லையென்றால் திருத்தமும் நடக்காது. தவறான நேரத்திலும் நடக்கக் கூடாது. ஒரு நாள் 82%-இல் இருந்தது, ஒரு மேகம் கடந்தது, சட்டென்று 100%. வோல்ட் இன்னும் உயரத்தில் இருக்க, மேகத்தால் மின்னோட்டம் மட்டும் குறைந்தது. நிறைந்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டது. சோலார் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த அமைப்பைக் கட்டாயம் பாருங்கள். நான் வோல்ட்டை 14.2-க்கு ஏற்றி, வால் மின்னோட்டத்தைப் பேட்டரிக் கொள்ளளவின் 4%-இலிருந்து 2%-க்கு இறக்கி, நேரத்தையும் கூட்டினேன்.

மலைக்காற்று

என் கன்ட்ரோலர் 14.2-இலேயே நின்றுவிடும். எனக்கு 14.2 போட்டால் திருத்தமே நடக்காதே?

நெடுவழி

ஆமாம், உங்களுக்கு 14.0 போடுங்கள். கன்ட்ரோலர் ஏற்றும் உச்ச வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.