கிறிஸ்டோஃபர் கதையைப் பத்தி குரூப்ல எப்படி பேச வைக்கறது? படிச்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, ஒரு ஹெல்ப் வேணும். எங்க வாசிப்பு குரூப்ல இந்த மாசம் மார்க் ஹேடனோட 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' எடுத்திருக்கோம், 2003ல வந்த நாவல், இங்கிலாந்துல ஸ்விண்டன்ங்கற ஊர்ல இருக்கற 15 வயசுப் பையன் கிறிஸ்டோஃபர் தானே கதை சொல்றான், பக்கத்து வீட்டு நாயை யாரோ தோட்டத்து முள்கரண்டியால குத்திக் கொன்னுட்டாங்க, யாருன்னு கண்டுபிடிக்கக் கிளம்பறான். அத்தியாய நம்பர்கூட 2, 3, 5, 7னு பகா எண்ணாத்தான் போகும்.

பிரச்சனை என்னன்னா பாதிப் பேர் அழுதுட்டேன்னு சொல்றாங்க, மீதிப் பேர் "என்னங்க இது, உணர்ச்சியே இல்லாம லிஸ்ட் போட்ட மாதிரி இருக்கு"ங்கறாங்க. எனக்கு அந்த வறட்சிதான் புடிச்சுது, அவன் அப்பாவைப் பத்தி சாதாரணமா சொல்லிட்டுப் போற இடத்துலதான் நமக்கு நெஞ்சு அடைக்குது. ஆனா ஒருத்தங்க, அவங்க பையனுக்கு ஆட்டிசம், "எல்லாரும் என் பையனும் கிறிஸ்டோஃபர் மாதிரி கணக்குல புலியான்னு கேக்கறாங்க"ன்னு கடுப்பாயிட்டாங்க. நியாயம்தானே? கதைக்குள்ள எங்கயும் அவனுக்கு இன்ன கண்டிஷன்னு பேரே வராது, அட்டையிலதான் ஆஸ்பெர்கர்னு (ஆட்டிசத்துல ஒரு வகையா சொன்ன பேர்) போட்டாங்க, ஹேடனே தான் அதுல நிபுணர் இல்லன்னு சொல்லியிருக்கார்.

இதைச் சண்டையாகாம எப்படிப் பேசறது, எந்தக் கேள்வில ஆரம்பிக்கலாம்? ஆட்டிசம் உள்ளவங்களே எழுதின நாவல் ஏதாவது தெரிஞ்சா அதையும் சொல்லுங்க, அடுத்த மாசம் அதையே வச்சுக்கலாம்னு இருக்கேன். க்ளைமாக்ஸை மட்டும் கமெண்ட்ல உடைச்சுடாதீங்க ப்ளீஸ், ரெண்டு பேர் இன்னும் முடிக்கல.