‘அப்ளிக்’ வேலைக்கு எது சொல்: ஒட்டுத்தையலா, அப்புத்தையலா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவினருக்காக, குழந்தையின் அறையை வீட்டிலுள்ள பழந்துணிகளைக் கொண்டே குறைந்த செலவில் அழகுபடுத்துவது பற்றி நான் எழுதிவரும் கையேட்டின் சொற்பட்டியலைச் சென்ற வாரம் இங்கே முன்வைத்திருந்தேன். முக்கோணத் துணித் துண்டுகளைக் கயிற்றில் வரிசையாகத் தைத்துச் சுவரில் கட்டும் பொருளுக்குக் ‘கொடித்தோரணம்’ என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டீர்கள். மாவிலையும் குருத்தோலையும் கட்டிப் பழகியவர்களுக்கு அதில் விளக்க எதுவும் இல்லை. ‘குழந்தை அறை’ நம் வழக்குத்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரேழி உண்டு, கூடம் உண்டு, காமரா உள் உண்டு. குழந்தைக்கென்று தனி அறை இருந்ததில்லை என்பது உண்மைதான். கூடத்தின் ஒரு மூலையைத் திரைச்சீலையால் தடுத்துக் கொடுத்தாலும் என் கையேட்டில் அது குழந்தை அறையே.

இழுபறியாக நிற்பது ‘அப்ளிக்’ ஒன்றுதான். ஒரு துணியிலிருந்து மீன், யானை, மாங்காய் என உருவங்களை வெட்டி, அவற்றை வேறொரு துணியின் மேல் வைத்து விளிம்பைச் சுற்றித் தைக்கும் வேலை அது. எங்கள் தெருத் தையற்கடைகளில் இதையும் ‘பேட்ச் ஒர்க்’ என்கிறார்கள். சிறு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே விரிப்பாக்குவதையும் ‘பேட்ச் ஒர்க்’ என்றே சொல்கிறார்கள். கடையில் துணியைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசுவதால் அங்கே குழப்பம் வருவதில்லை. கையேட்டில் தலையணை உறைக்கு ஒன்றும் சுவர்த்தொங்கலுக்கு மற்றொன்றுமாக இரண்டு வேலைகளும் வருவதால், ஒரே சொல் அங்கே உதவாது.

வேலை நமக்குப் புதியது அன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தேர்த் திருவிழாவின்போது தேரைச் சுற்றி உருளைகளாகத் தொங்கும் தொம்பைகளைப் பார்க்காதவர் இந்தக் குழுமத்தில் இருக்க மாட்டார்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர்க் கலம்காரியில் தொம்பைகள் எழுதுகோலால் எழுதப்பட்டுச் சாயமேற்றப்படுகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் வண்ணத் துணிகளை வெட்டி மேலே வைத்துத் தைத்த தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் உண்டு. பொருளின் பெயர் இவ்வளவு உறுதியாக நிலைத்திருக்க, அதைச் செய்யும் முறைக்கு மட்டும் அகராதியில் நிற்கத்தக்க ஒரு சொல் நம்மிடம் இல்லாமல் போயிற்று. (மூங்கில் வளையத்தில் பழைய சேலையைச் சுற்றித் தைத்துக் குழந்தையின் அறை மூலையில் தொங்கவிடும் உருளைக்குத் ‘தொம்பை’ என்றே பெயரிட்டிருக்கிறேன். சில ஊர்களில் நெற்குதிருக்கும் அதே பெயர் என்பது தடையாகாது, வடிவம் ஒன்றுதானே.)

இனி, பெரும்பாலோர் ஆதரித்த ‘ஒட்டுத்தையல்’. இதை நான் தயக்கத்துடனேயே மறுக்கிறேன், ஏனெனில் சொல் எளியது, கேட்டவுடன் புரிவது. ஆனால் நம் வழக்கில் ஒட்டுப் போடுவது கிழிசலுக்குத்தான். ‘ஒட்டுப் போட்ட சட்டை’ என்று யாராவது சொன்னால் நம் மனத்தில் எழுவது பூவும் கிளியும் அல்ல, முழங்கை கிழிந்த பையன். செலவைக் குறைப்பதற்காகவே பழைய துணியைக் கையில் எடுக்கும் ஒரு தாய்க்கு, அவர் ஆசையோடு செய்யும் வேலையின் பெயரிலேயே இல்லாமையை நினைவூட்ட எனக்கு மனமில்லை. அடுத்தது, இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் உருகித் துணியைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுத்தாள் ஒன்று இப்போது கிடைக்கிறது. தைக்காமல் ஒட்டும் அந்த முறைக்கு ‘ஒட்டு’ தேவைப்படும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது அச்சுச் சிக்கல். ஊசியை மேலும் கீழுமாக ஓடவிடும் எளிய தையலுக்கு ‘ஓட்டுத்தையல்’ என்ற பெயரைக் கையேட்டில் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறேன். ஒட்டுத்தையலை ஓட்டுத்தையலால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால், ஒரு சுழி தவறியதும் பாடமே தலைகீழாகிவிடும்.

‘துன்னம்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்ற யோசனைக்கு நல்ல பின்புலம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் புகார் நகர வருணனையில் துன்னகாரர் வருகிறார்கள். காவிரி கடலில் கலக்கும் ஊரில் அன்று தையற்காரர்களுக்கு இருந்த பெயர் அது. ஆயினும் பொருநராற்றுப்படையில் கரிகாலன் களைந்தெறியச் செய்யும் பொருநனின் உடை, வேர்வையில் நனைந்து வேற்றிழை நுழைந்த ‘துன்னற் சிதாஅர்’, அதாவது தையலிட்ட கந்தல். ஆக, கிழிசலின் சாயல் துன்னத்தையும் விடவில்லை. இன்று எந்தத் தையற்காரருக்கும் அது தெரியாது என்பதையும் சேர்த்தால், அழகுக்காக மட்டும் அதை வைத்துக்கொள்ள முடியாது.

‘பதிதையல்’ பொருந்தவில்லை. கல்லைப் பதித்தால் அது உள்ளே இறங்க வேண்டும்; இங்கே துண்டு மேலேயே நிற்கிறது.

என் பரிந்துரை ‘அப்புத்தையல்’. சந்தனத்தை மார்பில் அப்புகிறோம், சேற்றைச் சுவரில் அப்புகிறோம். ஒன்றை மற்றொன்றின் மேல் படியும்படி வைத்து அழுத்துவதுதான் அப்புதல். அப்ளிக் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் மேலே பொருத்துதல் என்பதே அடிப்படைப் பொருள். ஒலியும் நெருங்கி வருவது தற்செயலே. இரண்டுக்கும் உறவு கற்பித்து யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். வினைத்தொகையாகக் கொண்டு ஒற்று மிகாமல் எழுத வேண்டும் என்ற இலக்கணத் திருத்தத்தையும் படித்தேன். அப்படி எழுதினால் ‘அப்புதையல்’ என்றாகி, அந்தப் புதையல் எங்கே என்று படிப்பவர் தேடத் தொடங்குவார். அப்பு என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொள்ளலாம். வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகுவது இயல்பு. கட்டுச்சோறு நமக்கு நல்ல சான்று.

‘பவுடரை அப்பிக்கொண்டு’ என்னும்போது மிகையையும் அழகின்மையையும் அச்சொல் குறிப்பதாக எழுந்த தடை நியாயமானது. அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் தைத்துக் கொடுக்கும் அக்காவிடம் இச்சொல்லைச் சொன்னபோது, “சந்தனம் அப்புற மாதிரி மேல வச்சுத் தைக்கிறதா?” என்று அவர் தாமாகவே கேட்டார். அதற்கு முன்பு ‘பதிதையல்’ என்றபோது, “எம்பிராய்டரியா?” என்றுதான் கேட்டிருந்தார்.

சொல் பத்தியில் நிற்கிறதா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பகுதியைத் தருகிறேன்:

“அடித்துணியாகப் பழைய வேட்டியோ காடாத் துணியோ போதும். புதுத்துணியானால் முதலில் நனைத்து உலர்த்திக்கொள்ளவும். அடித்துணி மட்டும் பின்னால் சுருங்கினால், முதல் சலவையிலேயே மீனின் வயிறு உப்பிவிடும். சிவப்பு, கருநீலத் துண்டுகளை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்க்கவும். அப்புத்துண்டுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் வெட்டும்போது நழுவாது. வரைந்த கோட்டுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி, வளைவுகளில் கோட்டைத் தொடாத சிறு வெட்டுகள் கொடுத்து, விளிம்பை உள்ளே மடித்து, ஓட்டுத்தையலால் அடித்துணியோடு பிடித்துக்கொள்ளவும். பிறகு துண்டின் நிறத்திலேயே நூல் கோத்து, விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைத்து, ஓட்டுத்தையலை உருவிவிடவும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையென்றால் மீனுக்குப் பொத்தானால் கண் வைக்காமல் கறுப்பு நூலாலேயே தைத்துவிடவும்.”

அப்புத்தையல், அப்புத்துண்டு, அப்பித் தைத்தல் என்று ஒரே வேரிலிருந்து சொற்கள் கிளைப்பதைக் கவனித்திருப்பீர்கள். விளிம்போடு விளிம்பு சேர்க்கும் மற்ற வேலைக்கு ‘இணைப்புத்தையல்’ என்றும், கிழிசல் தைப்பதற்கு மட்டும் ‘ஒட்டுத்தையல்’ என்றும் வைத்துக்கொண்டால், இதுவரை பரிந்துரைத்த எவருடைய சொல்லும் வீணாகவில்லை.

மீதமிருப்பது ஒன்று. இரண்டு துணிகளை அடுக்கித் தைத்து, மேல்துணியை உருவ வடிவில் வெட்டித் திறந்து, அடியிலுள்ள நிறத்தைக் காட்டும் முறையும் கையேட்டில் வருகிறது. வீட்டில் இரண்டு பழைய சேலைகள் இருந்தால் நூலைத் தவிர வேறு செலவே இல்லாத வேலை அது. அதற்கு ‘அகழ்தையல்’ என்று எழுதியிருக்கிறேன். இது ஐயமில்லாத வினைத்தொகை, ஒற்று மிகாது. ஆனால் அந்த அக்கா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிட்டார். ‘திறப்புத்தையல்’ இன்னும் எளிதாக இருக்குமா? இரண்டில் ஒன்றை, அல்லது மூன்றாவதாக ஒன்றை, தங்கள் வீட்டில் தைப்பவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்