புதுப்பிப்பு: நீர்மூழ்கி மாதிரி, துளைகளும் துருவும்

மண்டபத்தில் எங்கள் வீட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் ஏழாம் வகை 'சி' (Type VIIC) நீர்மூழ்கிக் கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியை 1/72 அளவில் (உண்மையில் 72-இல் ஒரு பங்கு) கட்டத் தொடங்கியதாக முன்பு எழுதியிருந்தேன். பக்கவாட்டுத் துளைகளைத் திறப்பதா, அச்சில் வந்தபடி மூடியே விடுவதா என்றும் கேட்டிருந்தேன். திறந்துவிட்டேன். மற்ற எந்த வேலையையும்விட இதுதான் மாதிரிக்கு உயிர் கொடுத்தது.

உண்மையான கப்பல் சுமார் 67 மீட்டர். மாதிரி 93 சென்டிமீட்டர். அழுத்தம் தாங்கும் உள்கூட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே கடல்நீர் புகவும், மேலே எழும்போது வடியவும்தான் அந்தத் துளைகள். ஆகவே உள்ளே இருள் தெரிந்தாக வேண்டும். பின்புறமிருந்து பிளாஸ்டிக்கைத் தேய்த்து மெலிதாக்கினால் ஓரம் இரும்புத் தகடாகவே தெரிகிறது. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

மாதிரியில் துரு வண்ணம் தீட்டப் பாம்பன் கரையில் கிடக்கும் நங்கூரங்களைப் பார்த்துக்கொண்டேன். துரு எங்கும் சமமாகப் படிவதில்லை. விளிம்பில் தொடங்கிக் கீழே வழிகிறது.

கீழக்கரை அண்ணன் ஒருவர் எச்சரித்தது சரிதான்: ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) வெளுத்துவிடுகிறது. வெயில் ஏறிய பிறகே அடிக்கிறேன்.

அடுத்தது ஆண்டெனா கம்பி. தூண்டில் நைலானா, சூடாக்கி இழுத்த பிளாஸ்டிக் இழையா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.