பி.எஸ்.ஏ. பரிசோதனையும் அமெரிக்க வழிகாட்டுதலும்: விவரம் அறிந்தவர்களின் உதவி தேவை

குழுவிலுள்ள மருத்துவர்களுக்கும் புள்ளியியல் அறிந்தவர்களுக்கும் வணக்கம்.

நியூஜெர்சியில் வசிக்கும் என் அண்ணனுக்கு வயது 58. வருடாந்திரப் பரிசோதனைக்குச் சென்றபோது, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றுக்கெல்லாம் மளமளவென்று குறியிட்ட மருத்துவர், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "இது உங்கள் விருப்பம்" என்றாராம். அந்த ஒரு நொடித் தயக்கத்தின் பின்னணியைத் தமிழில் எழுத முயன்று வருகிறேன்.

இந்தப் பரிசோதனையை எந்த வயதினருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று, நோய்த் தடுப்புப் பரிசோதனைகள் பற்றிப் பரிந்துரை வழங்கும் வல்லுநர் குழுவான அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2012-இல் அறிவித்தது. தேவையற்ற திசுச் சோதனையும், சிகிச்சைக்குப் பின் வரும் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு போன்ற தொல்லைகளும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் பரிசோதனை செய்துகொண்டோர் 2010-இல் ஏறத்தாழ 38 விழுக்காடாக இருந்து, 2013-இல் 31 ஆகக் குறைந்தனர். 2018-இல் அக்குழு, 55 முதல் 69 வயது வரையுள்ளோர் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம் என்று தளர்த்தியது. அதன் வரைவு வெளியான 2017-ஐ ஒட்டியே எண்ணிக்கை மீண்டும் ஏறத் தொடங்கியது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். முதல் சரிவு மக்கள் நினைவிலிருந்து சொன்ன கணக்கெடுப்பில் தெரிவது. பிந்தைய ஏற்றமோ காப்பீட்டுக் கோரிக்கைகளில் தெரிவது. இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டுவது முறையாகுமா? அடுத்து, வேண்டாம் என்ற பரிந்துரை மாறாத எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் பரிசோதனை கூடியது ஏன்? நோயாளிகளிடம் இதை நாள்தோறும் பேசும் மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.